19 வெற்றி, 31 தோல்வி: 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியும் நம்பக்கூடிய ஆறு பேரும்

அமெரிக்க பேஸ்பாலின் 2019 சீசனில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி மே மாதக் கடைசியில் கிட்டத்தட்ட முடிந்துபோன கணக்காக இருந்தது, அக்டோபர் 30-ஆம் தேதி இரவு அதே அணி பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் கோப்பையைத் தூக்கியது. இதை "விடாமுயற்சி வென்றது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த ஐந்து மாதத்தில் யார் என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியும். ஆட்களின் பெயர்களை எழுதவில்லை, பதவியும் வேலையும் மட்டும் சொல்கிறேன். பெயர் வந்தால் நாயகன் வந்துவிடுகிறார், முடிவு பின்னால் போய்விடுகிறது.

பின்னணி

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். பேஸ்பாலில் ஒரு ஆட்டம் 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றின் மேல்பாதியில் வெளியூர் அணியும் கீழ்ப்பாதியில் சொந்த ஊர் அணியும் பேட் செய்யும், மூன்று அவுட்டோடு அந்தப் பாதி முடியும். முதலில் இறங்கும் பந்துவீச்சாளர், அதாவது ஸ்டார்ட்டர், நன்றாகப் போட்டால் ஐந்து, ஆறு, ஏழு இன்னிங்ஸ் வரை, சுமார் 100 பந்து வீசுவார். அப்புறம் அவருக்கு நான்கு நாள் ஓய்வு. மிச்ச இன்னிங்ஸை ரிலீவர்கள் போடுவார்கள். இவர்கள் மைதானத்தின் ஓரத்தில் வேலி போட்ட இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், அந்த இடத்துக்குப் பெயர் புல்பென், அந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். நம் ஊர்க் கணக்கில் கடைசி ஓவர்களைப் போடுபவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வரவே முடியாது. அதனால் யாரை எப்போது எடுப்பது என்பதுதான், ஆட்டத்தை நடத்தும் மேலாளரின் வேலையிலேயே கனமான பகுதி.

இந்த அணி 1969-இல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் என்று தொடங்கி 2005-இல் வாஷிங்டனுக்கு இடம் மாறியது. 2019 வரை ஒரு முறைகூட உலகத் தொடரில் ஆடியதில்லை. வாஷிங்டனுக்கு வந்தபின் 2012, 2014, 2016, 2017 என நான்கு முறை பிளே ஆஃப் போய் நான்கு முறையும் முதல் தொடரிலேயே வெளியேறியது. இதில் 2012 ஆறாத புண். அந்த ஆண்டு அணி 98 ஆட்டம் வென்றது, ஆனால் அணியே வளர்த்தெடுத்த வலது கை ஸ்டார்ட்டருக்கு முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை என்று செப்டம்பரிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். 159 இன்னிங்ஸ் போட்டிருந்தார், நன்றாகவும் போட்டிருந்தார். அவர் இல்லாமல் பிளே ஆஃப் ஆடி, கடைசி ஆட்டத்தில் 6-0 என்ற முன்னிலையை விட்டுத் தோற்றார்கள். அந்த முடிவை எடுத்த, ஆட்களை எடுத்து அணியைக் கட்டும் பொது மேலாளர்தான் 2019-இலும் பொறுப்பில் இருந்தார், அதே வீச்சாளரும் அணியில் இருந்தார். இது பின்னால் முக்கியமாகிறது.

2019 தொடங்கும்போது அணியின் மிகப் பெரிய பெயர் கொண்ட ஆட்டக்காரர் 13 ஆண்டுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். வாஷிங்டன் வேறு இடத்தில் செலவழித்தது: இடது கை ஸ்டார்ட்டர் ஒருவரை 6 ஆண்டுக்கு 14 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ஏற்கெனவே இருந்த மூத்த ஸ்டார்ட்டர், வலது கை ஸ்டார்ட்டர், கூடவே அனுபவமுள்ள நான்காமவர் என்று ஸ்டார்ட்டர் வரிசை கல்லு மாதிரி இருந்தது. மேலாளருக்கு இது இரண்டாவது ஆண்டு. முதல் ஆண்டில் 82 வெற்றி, 80 தோல்வி.

கவனத்தில் பட்டவை

முதல் இரண்டு மாதத்திலேயே நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. புல்பென். பெரிய நம்பிக்கையோடு எடுத்த ரிலீவர் ஒருவர் முதல் நான்கு முறை இறங்கியபோதும் ஒரு அவுட்கூட எடுக்கவில்லை. ரன் கொடுத்திருக்கிறார், அவுட் பூஜ்யம் என்றால் சராசரியைக் கணக்கிடவே முடியாது, அட்டவணையில் முடிவிலிக் குறிதான் போட்டார்கள். காயமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் தொடக்கத்திலேயே ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் களத்தடுப்பாளர்) ஆள்காட்டி விரல் முறிந்தது, மற்ற முக்கிய பேட்டர்களும் ஒருவர் பின் ஒருவராகக் காயப் பட்டியலுக்குப் போனார்கள்.

மே 2-ஆம் தேதி பந்துவீச்சுப் பயிற்சியாளரை நீக்கினார்கள். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மே மூன்றாவது வாரத்தில் நியூயார்க் போய் மெட்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார்கள். தோற்ற விதம்தான் கொடுமை: மே 22-ஆம் தேதி முன்னிலையில் இருந்துகொண்டு 8-ஆவது இன்னிங்ஸில் ஒரேயடியாக ஆறு ரன் கொடுத்தார்கள், மறுநாளும் முன்னிலையில் இருந்துகொண்டு அதே 8-ஆவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து, பேஸில் நின்றவர்களும் ஓடி வருவது) வாங்கினார்கள். அன்று மேலாளரை நடுவர் வெளியே அனுப்பினார், அவர் தொப்பியைத் தரையில் வீசிவிட்டுப் போனார். 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி.

முதல் முடிவு: மேலாளரை மாற்றாமல் விட்டது

நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது மேலாளர் வேலை போய்விடும் என்றுதான் வெளியே எல்லோரும் எழுதினார்கள். நிர்வாகம் அப்படிச் செய்யவில்லை. பொது மேலாளரின் கணக்கு எளிமையானது: அவர் கட்டிய அணி முழுதாக ஒன்றாக ஆடவே இல்லை, ஆடாத அணியை வைத்து அதை நடத்துபவரை எடைபோட முடியாது. ஷார்ட்ஸ்டாப் அப்போதுதான் திரும்பியிருந்தார், விரல் முழுதாக மடங்காத நிலையிலேயே அந்த ஆண்டு முழுக்க ஆடினார்.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது, பலன் நல்லதாக வந்ததற்காக அல்ல. தப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மேலாளர் ரிலீவரைக் கூப்பிடுகிறார், வந்தவர் அடி வாங்குகிறார், வேறு யாரைக் கூப்பிடுவது என்றால் ஆள் இல்லை. வேறு மேலாளர் வந்து உட்கார்ந்திருந்தாலும் அதே வேலிக்குள்ளிருந்து அதே ஆட்கள்தான் எழுந்து வந்திருப்பார்கள்.

மேலாளர் தன் பங்குக்குச் செய்ததும் சின்ன விஷயம்தான். 162 ஆட்டத்தை யோசிக்காதே, இன்றைக்கு ஒரு ஆட்டம், அதை வெல், அவ்வளவுதான் என்று தினமும் சொன்னார். மே 24-ஆம் தேதி 12-10 என்று ஒரு ஆட்டத்தை எப்படியோ இழுத்து வென்றார்கள். அங்கிருந்து சீசன் முடியும்வரை 74 வெற்றி, 38 தோல்வி. வேறொரு அணி கழற்றிவிட்ட ஒரு வெளிக்கள ஆட்டக்காரரை மே மாதம் எடுத்திருந்தார்கள், அவர் ஜூன் நடுவில் தன் சின்ன மகளுக்குப் பிடித்த சுறாப் பாட்டைப் போட்டுக்கொண்டு பேட் செய்ய இறங்கினார், அரங்கமே சுறா வாய் மாதிரி கை தட்டத் தொடங்கிவிட்டது. இதனால் ஆட்டம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றுத் தோற்று இறுகிப்போன ஒரு அறை தளர்ந்ததை அன்றைய படங்களில் பார்க்கலாம்.

இரண்டாவது முடிவு: ஜூலை 31

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளில் மூன்று ரிலீவர்களை வாங்கினார்கள். யாரும் நட்சத்திரம் இல்லை, விலையும் பெரிதில்லை. மூவரில் ஒருவர் பிழைத்தார், டொராண்டோவிலிருந்து வந்தவர். அந்த ஒருவர் போதுமாக இருந்தது.

புல்பென் சரியாகிவிடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 17-ஆம் தேதி மில்வாக்கிக்கு எதிராகப் பழைய முடிப்பாளர் (கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் ரிலீவர்) 9-ஆவது இன்னிங்ஸில் மூன்று ஹோம் ரன் கொடுத்து, ஆட்டம் 14 இன்னிங்ஸ் இழுத்து, 15-14 என்று தோற்றார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி மெட்ஸுக்கு எதிராக 9-ஆவது இன்னிங்ஸின் மேல்பாதியில் ஐந்து ரன் கொடுத்து 10-4 என்று பின்தங்கினார்கள், அதன் கீழ்ப்பாதியில் ஏழு ரன் அடித்து 11-10 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தை எல்லோரும் அதிசயமாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த மேல்பாதியின் ஐந்து ரன்தான் கண்ணில் நிற்கிறது. சீசன் முடிந்தபோது இவர்கள் புல்பென் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.6 ரன்னுக்கு மேல் கொடுத்திருந்தது, நேஷனல் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீகில் இவர்கள் ஆடுவது) கடைசி இடம். செப்டம்பர் நடுவில் ஒரு ஆட்டத்தின்போது மேலாளருக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனைக்குப் போய், இதயக் குழாய்ச் சோதனை முடிந்து சில நாளில் திரும்பி வந்தார்.

93 வெற்றி, 69 தோல்வி. பிரிவில் இரண்டாம் இடம். ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்கிற வைல்டு கார்டுக்குத் தகுதி பெற்றார்கள்.

மூன்றாவது முடிவு: ஆறு பேர் போதும்

இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான்.

அக்டோபரில் ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாள் வரும். சாதாரண சீசனில் அப்படி வராது, அதனால் எல்லோரையும் சுழற்றியே ஆக வேண்டும். மேலாளரும் பந்துவீச்சுப் பயிற்சியாளரும் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நம்பக்கூடியவர்கள் நான்கு ஸ்டார்ட்டர்கள், பழைய முடிப்பாளர், ஜூலையில் வந்தவர், மொத்தம் ஆறு பேர். இந்த ஆறு பேரிடமே முடிந்தவரை பந்தைக் கொடுப்பது, ஸ்டார்ட்டர்களையே ரிலீவராகவும் இறக்குவது. நம்மிடம் உள்ள கூட்டம் மோசம் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு வேலையே வராமல் பார்த்துக்கொள்வது.

அக்டோபர் 1, வைல்டு கார்டு ஆட்டம், எதிரே மில்வாக்கி. மூத்தவர் 5 இன்னிங்ஸில் இரண்டு ஹோம் ரன்னுக்கு 3 ரன் கொடுத்தார். 6-ஆவது இன்னிங்ஸில் புல்பென் கதவு திறந்து வந்தவர் வலது கை ஸ்டார்ட்டர், 2012-இல் நிறுத்திவைக்கப்பட்ட அதே ஆள். தொழில்முறை வாழ்க்கையில் அவர் ரிலீவராக வந்தது அதுவே முதல் முறை. மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. 8-ஆவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கி இருக்கும்போது, பேஸ் மூன்றிலும் ஆள், இரண்டு அவுட், 20 வயது இடது கள ஆட்டக்காரர் வலது பக்கம் தட்டினார். பந்து தரையில் உருண்டு வந்தது, மில்வாக்கியின் வலது கள ஆட்டக்காரர் குனிந்து எடுக்கப் போனார், பந்து அவர் கையுறையைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. இரண்டு ரன் வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தது. 4-3.

அடுத்தது 106 ஆட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். இரண்டாவது ஆட்டத்தில் மூத்தவரை 8-ஆவது இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கினார்கள், மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆட்டத்தில் அதே உத்தி கவிழ்ந்தது. 2-1 முன்னிலையில், மூன்று நாள் முன்பு நூறு பந்துக்கு மேல் வீசியிருந்த இடது கைக்காரரை 6-ஆவது இன்னிங்ஸில் கொண்டுவந்தார்கள், அவர் இரண்டு அவுட் எடுப்பதற்குள் ஆறு ரன் அவர் கணக்கில் ஏறியது, ஆட்டம் 10-4 என்று போனது. மேலாளரை விமர்சிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் அவர் உத்தியை விடவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் அதே இடது கைக்காரரை மறுபடி ரிலீவராக இறக்கினார், இந்த முறை நின்றார். 8-ஆவது இன்னிங்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன்னில் சமன், 10-ஆவது இன்னிங்ஸில் 36 வயது ஆட்டக்காரர் ஒருவரின் கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு ரன் ஹோம் ரன், 7-3.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4-0 என்று முடித்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்டார்ட்டர்கள் எதிரணியைத் தொடவே விடவில்லை. ஒன்று மட்டும். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு ஜூலையில் வந்தவர் குழந்தை பிறப்புக்காக வீட்டுக்குப் போய்விட்டார். நம்புவதே ஆறு பேரை, அதில் ஒருவர் இல்லை. இதை வெளியே சிலர் குறை சொன்னார்கள், அணி அவர் பக்கம் நின்றது. அன்று நான்காமவர் 7⅔ இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்துப் பேஸை அடைவது) கொடுக்காமல் போட்டார், பழைய முடிப்பாளர் மிச்சத்தை முடித்தார், 2-0. ஆகஸ்டில் மூன்று ஹோம் ரன் கொடுத்த அதே கை.

உலகத் தொடர்

எதிரே 107 ஆட்டம் வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். எந்தப் பந்து வீசுவது என்று பிடிப்பாளர் வீச்சாளருக்குக் காட்டும் எதிரணியின் சைகைகளைத் திருடுகிறார்கள் என்ற பேச்சு அவர்கள்மேல் இருந்ததால், வாஷிங்டன் பிடிப்பாளர்கள் பல சைகைத் தொகுதிகளை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். முதல் இரண்டு ஆட்டம் ஹூஸ்டனில், இரண்டும் வாஷிங்டனுக்கு. அடுத்த மூன்று வாஷிங்டனில், மூன்றும் ஹூஸ்டனுக்கு. சொந்த ஊரில் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து மூன்றே ரன்.

ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் மூத்தவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. படுக்கையிலிருந்து எழ முடியவில்லை, உடை மாற்றவே மனைவி உதவ வேண்டியிருந்தது. ஊசி போட்டு அன்றைக்கே இறக்கிப் பார்க்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். இறக்கவில்லை. பதிலுக்கு வேறொருவரை இறக்கி 7-1 என்று தோற்றார்கள், தோற்பது தெரிந்தும் ஒரு ஆட்டத்தை விட்டு மூன்று நாளை வாங்கினார்கள். ஆறாவது ஆட்டத்தில் வலது கை ஸ்டார்ட்டர் 8⅓ இன்னிங்ஸ் போட்டு 7-2 என்று வென்று கொடுத்தார். ஏழாவது ஆட்டத்துக்கு மூத்தவர் தயாராக இருந்தார்.

அக்டோபர் 30, ஹூஸ்டனின் மினிட் மெய்ட் பார்க். மூத்தவர் 5 இன்னிங்ஸில் 7 ஹிட், 4 வாக் (நான்கு மோசமான பந்தால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தும் 2 ரன்னோடு தப்பினார். 6-ஆவது இன்னிங்ஸில் இடது கைக்காரர் வந்தார், மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. ஹூஸ்டன் பக்கம் அவர்கள் ஸ்டார்ட்டர் அற்புதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். 7-ஆவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், அடுத்து ஒரு வாக், 2-1. அவர் வீசியிருந்தது 80 பந்துதான். ஹூஸ்டன் மேலாளர் அவரை எடுத்துவிட்டுத் தன் நம்பகமான ரிலீவரைக் கூப்பிட்டார். இரண்டாவது பந்து, வெளிப்பக்கம், தாழ்வாக, நல்ல பந்து. 36 வயதுக்காரர் அதை வலது பக்கம் எத்தினார், அது கோட்டை ஒட்டியே போய், வலது கள மூலையில் நிற்கும் கம்பத்தின் வலையில் பட்டு டங்கென்று விழுந்தது. கம்பத்தில் பட்டால் ஹோம் ரன். 3-2. அந்த நேரத்தில் ஹூஸ்டனின் மிகச் சிறந்த ஸ்டார்ட்டர் புல்பென்னில் இருந்தார், முன்னிலையோடு முடிக்க மட்டுமே அவரை வைத்திருந்தார்கள், அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. கடைசியில் 6-2. ஜூலையில் வந்தவர் கடைசி அவுட்டை எடுத்துக் கையுறையைக் கழற்றி வீசினார்.

ஏழு ஆட்டத்திலும் வெளியூர் அணியே வென்ற தொடர் அதற்கு முன் இருந்ததில்லை.

இங்கே ஒரே ஒரு பெயரைச் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. வாஷிங்டன் நகரம் அதற்கு முன்பு கோப்பை வென்றது 1924-இல், வேறொரு அணி. அந்தத் தொடரில் இரண்டு ஆட்டம் தொடங்கி இரண்டிலும் தோற்ற வால்டர் ஜான்சன், ஏழாவது ஆட்டத்தின் 9-ஆவது இன்னிங்ஸில் ரிலீவராக வந்து நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டு, 12-ஆவது இன்னிங்ஸில் அணி வென்றது. அவருக்கும் வயது 36.

பிறகு நடந்தவை

சில வாரத்திலேயே ஹூஸ்டன் 2017-இல் கேமரா வைத்துச் சைகை திருடியது வெளியே வந்தது, 2020 ஜனவரியில் அதன் மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் தடை விழுந்து வேலையும் போனது. வாஷிங்டனில் மூன்றாம் பேஸ்காரர் கலிபோர்னியாவுக்குப் போனார். உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரான வலது கை ஸ்டார்ட்டருக்கு 7 ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அவர் 2019-இல் பிளே ஆஃப் சேர்த்து 245 இன்னிங்ஸ் போட்டிருந்தார். அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் மூன்று சீசனில் எட்டே ஆட்டம், 31⅓ இன்னிங்ஸ், 2024-இல் ஓய்வு. அந்த அக்டோபர்தான் அவர் உடம்பைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இடது கைக்காரர் 2022-இல் 6 வென்று 19 தோற்றார். மூத்தவரையும் ஷார்ட்ஸ்டாப்பையும் 2021-இலும், இளம் இடது கள ஆட்டக்காரரை 2022-இலும் வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். மேலாளரையும் பொது மேலாளரையும் 2025 ஜூலையில் ஒரே நாளில் நீக்கினார்கள்.

எதை மாற்றுவேன்

மூன்று இடம். முதலாவது, புல்பென் நோய் ஏப்ரலிலேயே தெரிந்தது, மருந்து வாங்கியது ஜூலை 31. ஒன்றுமே வேலை செய்யாத ரிலீவரை ஜூன் 23 வரை வைத்திருந்தார்கள். பெரிய பணம் கொடுத்து எடுத்தவர் என்பதால் விட மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் மே மாதமே அந்தக் கணக்கை முடித்து, அதே மலிவு விலை ஆட்களை முன்கூட்டியே தேடியிருப்பேன்.

இரண்டாவது, டாட்ஜர்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம். ஸ்டார்ட்டரை ரிலீவராக்கும் உத்தியில் தப்பில்லை, ஆனால் முந்தைய ஆட்டத்தில் எத்தனை பந்து, எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு வரம்பு வேண்டும், அந்த வரம்பை ஆட்டத்தின் சூட்டில் அல்ல, முந்தின நாளே எழுதி வைக்க வேண்டும். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அதே ஆள் நான்கு நாள் இடைவெளிக்கு அப்புறம் வந்தார், பந்து கீழே நின்றது.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. 2012-இல் ஒரு கையைக் காப்பாற்ற ஒரு அக்டோபரை விட்டுக்கொடுத்தார்கள், 2019-இல் ஒரு அக்டோபருக்காக அதே கையை முழுதாகப் பயன்படுத்தினார்கள், அப்புறம் அதே கைக்கு ஏழு ஆண்டுக்குச் சம்பளம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் இரண்டையும் அந்தந்த நேரத்துக் காரணத்தோடு என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. மூன்றாவதில், 31 வயதில் 245 இன்னிங்ஸ் முடித்த ஒருவருக்கு நன்றிக்கடனையும் எதிர்காலக் கணக்கையும் ஒரே காகிதத்தில் எழுதிவிட்டார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தோடு நிறுத்தி, அதற்கு அவர் ஒப்பவில்லை என்றால் கண்ணீரோடு அனுப்பியிருப்பேன்.